இறங்கும் படி, ஏறும் படி
பந்து உருண்ட பாதை – 17

2016ஆம் ஆண்டு ஐ-லீக் முடிந்தபோது புள்ளிப் பட்டியலில் 9 அணிகள் இருந்தன. ஒன்பதாவதாக, எல்லோருக்கும் கீழே, புனேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ். அதற்கு மேலே எட்டாவதாக மிசோரமின் ஐஸ்வால் எஃப்.சி. ஒரு அணி கீழ் டிவிஷனுக்கு இறங்க வேண்டும் என்பது விதி. இறங்கச் சொல்லப்பட்டது எட்டாவதாக வந்த ஐஸ்வால். ஒன்பதாவதாக வந்த சிவாஜியன்ஸ் இருந்த இடத்திலேயே இருந்தது.

சென்ற இதழில் 1996இல் தேசிய லீக் பிறந்ததையும், சென்னையின் இந்தியன் வங்கி அணி அதில் ஆடிய காலத்தையும் பார்த்தோம். அந்த லீக் 2007இல் ஐ-லீக் என்று பெயர் மாறியது. பலவீனமான அணியை என்ன செய்வது, அதன் இடத்தில் யாரை வைப்பது என்ற கேள்வி அப்போதும் தீரவில்லை. 2016 முதல் 2021 வரையிலான ஆறு ஆண்டுகளில் அந்தக் கேள்விக்கு இந்தியக் கால்பந்து எத்தனை விதமாகப் பதில் சொன்னது, அதில் சென்னை அணி ஒன்று எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதுதான் இந்த வாரக் கதை.

கடைசி அணி தப்பியதற்குக் காரணம் நேரடி நுழைவு என்ற ஏற்பாடு. இரண்டாம் டிவிஷனில் ஆடி, ஜெயித்து, மேலே வருவது ஒரு வழி. பெருநிறுவனம் ஒன்று விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, முதல் டிவிஷனில் நேராக இடம் பெறுவது இன்னொரு வழி. பணம் போட்டு வருகிறவர்கள் காலூன்றும்வரை சில பருவங்களுக்கு இறக்கம் கிடையாது என்று சலுகையும் உண்டு. இந்த ஏற்பாட்டை ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனம் தொடங்கிய பெங்களூரு எஃப்.சி. 2013இல் இப்படித்தான் வந்தது, வந்த முதல் ஆண்டே சாம்பியன் ஆனது, ரசிகர்களைத் திரட்டியது. ஆனால் சிவாஜியன்ஸ் விஷயத்தில் அதே சலுகை வேறொரு வேலை செய்தது. கடைசியாக வந்தவனைக் காப்பாற்றி, அவனுக்கு முன்னால் வந்தவனைத் தள்ளியது.

ஐஸ்வால் அந்த ஆண்டு ஒன்றும் சாதாரண அணியாக இல்லை. லீகில் இடம் பறிபோன கையோடு பெடரேஷன் கோப்பையில் இறுதி ஆட்டம்வரை போனது. 2016 மே 21 அன்று குவாஹாத்தியில் மோகன் பகானிடம் 0-5 என்று தோற்றது உண்மைதான். ஆனாலும் நாட்டின் மூத்த கோப்பைகளில் ஒன்றின் இறுதி ஆட்டத்தில் நின்ற அணிக்கு அடுத்த பருவத்தில் முதல் டிவிஷனில் இடம் இல்லை என்ற நிலை மிசோரம் மக்களை வருத்தியது.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீகை (ஐ.எஸ்.எல்.) முதல் நிலைக்கு உயர்த்தி, ஐ-லீக்கை அதற்குக் கீழே வைக்கும் திட்டத்தை அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அந்தக் கோடையில் முன்வைத்தது. அதை எதிர்த்து சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கிளப், டெம்போ ஆகிய மூன்று கோவா அணிகளும் விலகின. டெம்போ அப்போதுதான் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்திருந்தது. லீகில் பெரிய ஓட்டை விழுந்தது. அதை அடைக்க மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன. இறக்கப்பட்ட ஐஸ்வாலைத் திரும்ப அழைத்தார்கள். பஞ்சாபின் மினர்வா அணிக்கும் தமிழ்நாட்டின் சென்னை சிட்டி அணிக்கும் நேரடி நுழைவு கொடுத்தார்கள். முன்பு வெளியே போயிருந்த கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸும் திரும்பி வர, 2016–17 பருவம் 10 அணிகளோடு தொடங்கியது.

இந்த மூன்று பெயர்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஐஸ்வால், மினர்வா, சென்னை சிட்டி. காலி இடத்தை நிரப்ப வந்தவர்கள். பட்டியலில் எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்பட்டவர்கள் என்றே அன்று பலரும் நினைத்தார்கள்.

முதலில் ஐஸ்வால். மும்பை எஃப்.சி.யில் ஏழு ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்து, அங்கிருந்து அனுப்பப்பட்ட காலித் ஜமீல் அந்த அணிக்கு வந்தார். பெரிய அணிகள் வேண்டாம் என்று விட்ட வீரர்களையும் உள்ளூர் இளைஞர்களையும் வைத்து ஆடவைத்தார். 2017 ஏப்ரல் 22 அன்று ஐஸ்வாலில் மோகன் பகானை 1-0 என்று வென்றார்கள். ஸோமிங்லியானா ரால்ட்டே தலையால் முட்டிய பந்து அது. ஏப்ரல் 30 அன்று ஷில்லாங்கில் கடைசி ஆட்டம். உள்ளூர் அணியான லாஜோங் முதலில் கோல் போட்டது. இரண்டாம் பாதியில் வில்லியம் லால்நுன்ஃபெலா சமன் செய்தார். 1-1 டிரா போதுமானதாக இருந்தது. ஐஸ்வால் 37 புள்ளி, மோகன் பகான் 36. வடகிழக்கிலிருந்து ஒரு அணி தேசிய லீகை வென்றது அதுவே முதல் முறை. அதே பருவத்தில் கடைசி இடம் பிடித்து இறங்கிய அணி, ஜமீலை அனுப்பிய மும்பை எஃப்.சி. முந்தைய ஆண்டு சலுகையால் தப்பிய சிவாஜியன்ஸும் அடுத்த பருவத்தில் இல்லை.

அடுத்து மினர்வா. 2016–17இல் 10 அணிகளில் ஒன்பதாவது. அதாவது பட்டியலின் அடிக்கு ஒரே ஒரு இடம்தான் மிச்சம். அடுத்த ஆண்டு, 2018 மார்ச் 8 அன்று, கடைசி ஆட்டத்தில் சர்ச்சில் பிரதர்ஸை 1-0 என்று வென்று சாம்பியன் ஆனது. அந்த ஆண்டும் பழைய கதை திரும்பவும் நடந்தது. பட்டியலில் கடைசி, கூட்டமைப்பே நடத்திய இளைஞர் அணியான இந்தியன் ஆரோஸ். அதற்கு இறக்கம் கிடையாது. எனவே ஒன்பதாவதாக வந்த சர்ச்சிலுக்கு இறக்கம். பிறகு அந்த முடிவும் மாற்றப்பட்டு, சர்ச்சில் மீண்டும் சேர்க்கப்பட்டது. 2018–19இல் சர்ச்சில் நான்காவதாக வந்தது. அதன் வில்லிஸ் பிளாசா 21 கோல் போட்டார்.

மூன்றாவது, நம் அணி. சென்னை லீகில் ஆடிய நேதாஜி விளையாட்டுக் கழகம்தான் சென்னை சிட்டியாக மாறியது. அதன் வேர் 1946இல் இருக்கிறது. 2016–17இல் பெரியமேடு நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் ஆட்டங்கள் நடந்தன. ஆவடியில் புறநகர் ரயில் ஏறினால் மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, அங்கிருந்து நடந்தே அரங்கத்துக்குப் போய்விடலாம். அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் என்று கால்பந்து ரத்தத்தில் ஊறிய ஊர்கள் எல்லாம் அந்த ஒரே தடத்தில்தான் இருக்கின்றன. அந்த ஊர்களுக்கு அது நியாயமாகக் கிடைக்க வேண்டிய அணி. ஆனால் முதல் பருவத்தில் அணி பட்டியலின் கீழ்ப்பாதியைத் தாண்டவில்லை. அடுத்த பருவத்திலிருந்து சொந்தக் களம் கோயம்புத்தூருக்கு மாறியது. கோவை ரயில்கள் ஆவடியைக் கடந்தேதான் போகின்றன. ஆனால் எதிர்த் திசையில், ஏறத்தாழ 500 கிலோமீட்டர்.

2017–18இல் சென்னை சிட்டி எட்டாவது. இரண்டு ஆண்டுகளாகக் கீழே கிடக்கும் அணி. பலவீனமான அணியை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம் என்று யாராவது அன்று பேசியிருந்தால், பட்டியலைப் பார்த்து மறுப்பது கடினமாக இருந்திருக்கும்.

2018இல் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். ஸ்பெயினிலிருந்து பெத்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிக்ஸ், ராபர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் வந்தார்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டு வீரர்கள் சேர்ந்தார்கள். பந்தைத் தரையில் வைத்து, குறுகிய பாஸ்களால் முன்னேறும் ஆட்டம். நீளமாகத் தூக்கி அடித்து ஓடும் ஆட்டத்துக்குப் பழகியிருந்த லீகில் அது தனியாகத் தெரிந்தது. மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் போட்டார்.

கடைசி நாள், 2019 மார்ச் 9. கோவை நேரு அரங்கில் சென்னை சிட்டிக்கு எதிரே நின்றது முந்தைய ஆண்டின் சாம்பியன் மினர்வா. கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஈஸ்ட் பெங்கால். சென்னை தடுக்கினால் கோப்பை கொல்கத்தாவுக்கு. ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே மினர்வா கோல் போட்டது. இடைவேளைவரை அதே நிலை. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்ட்டியில் சமன் செய்தார். பிறகு பின்கள வீரர் கௌரவ் போரா ஒன்று, கூடுதல் நேரத்தில் இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் வென்றது. ஆனால் 42 புள்ளிதான். சென்னை சிட்டிக்கு 43.

இப்போது அந்த மூன்று பெயர்களை வரிசையாகப் பார்க்கலாம். 2017 சாம்பியன் ஐஸ்வால். 2018 சாம்பியன் மினர்வா. 2019 சாம்பியன் சென்னை சிட்டி. 2016இல் காலி இடத்தை நிரப்ப வந்த மூன்று அணிகளும் அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் கோப்பையைத் தூக்கின. ஒன்று இறக்கப்பட்ட அணி. ஒன்று கடைசிக்கு முந்தைய இடத்திலிருந்து எழுந்த அணி. ஒன்று இரண்டு ஆண்டு அடியில் கிடந்த அணி. ஓராண்டுப் பட்டியல் ஒரு அணியின் அந்த ஆண்டைச் சொல்லும். அதன் தகுதி முழுவதையும் சொல்லிவிடாது.

அப்படியானால் யாரையும் இறக்கவே கூடாதா? இறக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்கு உலகம் பல வழிகளை முயன்று பார்த்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1986 வரை, லீகின் கடைசி நான்கு அணிகள் தாங்களாக இறங்கவில்லை. அவை மறுதேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மற்ற அணிகள் வாக்களிக்கும். வெளியே இருக்கும் அணிகளும் அந்த வாக்கெடுப்பில் நிற்கும். பெரும்பாலும் பழகிய முகங்களுக்கே வாக்கு விழும். எப்போதாவது ஒருமுறை மாறும். 1977இல் வொர்க்கிங்டன் போய் விம்பிள்டன் வந்தது. 1978இல் சவுத்போர்ட் போய் விகன் வந்தது. விம்பிள்டன் ஒன்பதே ஆண்டுகளில் முதல் டிவிஷனை எட்டி, 1988இல் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. விகன் 2013இல் அதே கோப்பையை வென்றது. புதியவர்களுக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இவை சாட்சி. வொர்க்கிங்டனோ அதன்பின் லீகுக்குத் திரும்பவே இல்லை. வாக்கால் போனவர்கள் திரும்புவதற்கும் மற்றவர்களின் வாக்கைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

1986–87இல் விதி மாறியது. கடைசி அணி இறங்கும். கீழே முதலில் வந்த அணி ஏறும். முதலில் இறங்கியது லிங்கன் சிட்டி, ஏறியது ஸ்கார்பரோ. லிங்கன் அடுத்த ஆண்டே கீழ் லீகை வென்று திரும்பி வந்தது. யாரிடமும் கையேந்த வேண்டியிருக்கவில்லை.

நம் நாட்டிலேயே இதைவிடப் பழைய பாடம் இருக்கிறது. கல்கத்தா லீகின் முதல் டிவிஷனில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் கட்டுப்பாடு இருந்தது. 1920இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் 1924இல் இரண்டாம் டிவிஷனின் உச்சியில் வந்தபோது, ஏறும் தகுதி இருந்தும் அந்தக் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. பெரிய வாக்குவாதத்துக்குப் பின் அது உடைந்தது. 1925இல் அணி முதல் டிவிஷனில் ஆடியது. 1928இல் அதே அணி தோற்றுக் கீழே இறங்கியது. சில ஆண்டுகளில் ஆடி ஜெயித்து மேலே வந்தது. 1942இல் லீகை வென்றது. 1934இல் முதல் டிவிஷனுக்கு ஏறிய முகமதன் ஸ்போர்ட்டிங், வந்த ஆண்டே லீகை வென்று, 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை சாம்பியனாக இருந்தது. வெள்ளையர் ஆண்ட காலத்தில், வெள்ளையர் நடத்திய லீகில், ஏறவும் இறங்கவும் படி இருந்ததால்தான் இந்த வரலாறு நடந்தது.

அமெரிக்காவில் படியே கிடையாது. அங்கே கல்லூரி அணிகள் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. அவர்களுடைய ஃபுட்பால் நம் கால்பந்து இல்லை, கையில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டம். ஆனால் சிக்கல் நம்முடையதுதான். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகம் 1991இல் பிக் ஈஸ்ட் என்ற கூட்டமைப்பில் சேர்ந்தது. ஆண்டுதோறும் தோல்வி, அரங்கில் கூட்டமும் இல்லை. 2001இல் மற்ற உறுப்பினர்கள் கூடி அதை வெளியேற்ற முடிவு செய்தார்கள். 2004 பருவத்தோடு டெம்பிள் வெளியே போனது. தனியாக ஆடியது; சிறிய கூட்டமைப்பு ஒன்றில் சேர்ந்து மெல்ல எழுந்தது. 2012இல் வெளியேற்றிய அதே பிக் ஈஸ்ட் டெம்பிளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்கன் அத்லெடிக் என்று பெயர் மாறியிருந்த அதில் 2016இல் டெம்பிள் சாம்பியன். பலவீனம் தீர வேண்டிய காலத்தில் தீர்ந்தது. ஆனால் திரும்பும் நாளை முடிவு செய்தவர்கள் அந்த அணியின் வீரர்கள் இல்லை. உறுப்பினர் பட்டியலில் ஆள் தேவைப்பட்ட மற்றவர்கள்.

சென்னை சிட்டிக்கு வருவோம். சாம்பியன் ஆனபின் ஆசியக் களம் கிடைத்தது. 2020 மார்ச் 11 அன்று ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியோடு 2-2 டிரா. அடுத்த சில நாட்களில் கொரோனா எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்த ஆண்டுக் கோப்பையே கைவிடப்பட்டது. 2020–21 ஐ-லீக் வங்கத்தில் மூடிய வளையத்துக்குள் நடந்தது. சென்னை சிட்டி அதில் ஆடியது.

2021–22 பருவத்தின் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. களத்தில் தோற்று இறங்கவில்லை. கூட்டமைப்பின் நிபந்தனைகள் நிறைவேறாததால் இடம் போனது. அந்த இடம், தகுதிச் சுற்றில் ராஜஸ்தான் யுனைடெடுக்கு அடுத்து இரண்டாவதாக வந்த மும்பையின் கென்கரே அணிக்குக் கிடைத்தது. கென்கரே 2022–23இல் களத்தில் தோற்று, முறைப்படி இறங்கியது. 2019இல் நாட்டின் சாம்பியனாக இருந்த சென்னை அணி, மூன்றாம் ஆண்டில் தேசிய லீகில் இல்லை. விண்ணப்பத்தால் கிடைத்த இடம் நிபந்தனையால் போயிற்று. இடையில் ஆடிய ஆட்டங்கள் அதைக் காப்பாற்றவில்லை.

கழக உரிமம், கணக்கு, சம்பளம், இளைஞர் அணி என்ற நிபந்தனைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்காத அணி ஆடக் கூடாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. சென்னை சிட்டி போனபோது அதற்குக் கீழே தமிழ்நாட்டின் இன்னொரு அணி ஏறத் தயாராக நின்றதா? நிற்கவில்லை. 2021க்குப் பின் ஐ-லீக்கில் தமிழ்நாட்டுப் பெயர் ஒன்று இல்லாமலே பருவங்கள் போயின. மிசோரமில் ஐஸ்வால் இறங்கியபோது அங்கே மாநில லீக் இருந்தது, அதில் ஆள் நிரம்பிய அரங்கம் இருந்தது. இறங்கினாலும் விழுந்து மறைய மாட்டோம் என்ற துணிச்சல் அதிலிருந்து வந்தது.

மேலே பார்த்தால் 2024–25 வரை கதவு முழுதாகத் திறக்கவில்லை. ஐ.எஸ்.எல். 2014இல் எட்டு அணிகளோடு, இறக்கம் என்ற ஒன்றே இல்லாமல் தொடங்கியது. 2019இல் கோலாலம்பூரில் ஆசியக் கூட்டமைப்பு முன்னிலையில் ஒரு வழித்தடம் வகுக்கப்பட்டது: 2022–23 முதல் ஐ-லீக் சாம்பியன் மேலே ஏறலாம், 2024–25இல் இறக்கமும் வர வேண்டும். ஏற்றம் வந்தது. 2023இல் முதலில் ஏறியது பஞ்சாப் அணி; மினர்வாதான் கைமாறி அந்தப் பெயரில் நின்றது. 2024இல் ஏறியது முகமதன் ஸ்போர்ட்டிங், 1934இல் ஏறிய அதே அணி. இறக்கம் குறித்த பருவத்தில் வரவில்லை. 2024–25இல் முகமதன் கடைசி. அதனால் ஒன்றும் ஆகவில்லை. விழும் பயம் இல்லாத இடத்தில் எழும் வேகமும் குறையும்.

ஆவடியில் நின்று இதைப் பார்க்கும்போது கணக்கு தெளிவாகத் தெரிகிறது. 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்த ஊர் இது. தொழிற்சாலைக் குடியிருப்பு, ராணுவம், சி.ஆர்.பி.எஃப்., ரயில்வே என்று நிறுவனங்கள் கட்டிய ஊரில் மைதானத்துக்குப் பஞ்சமில்லை. பட்டாபிராம் இந்துக் கல்லூரியிலோ, ஆவடியின் பொறியியல் கல்லூரி ஒன்றிலோ ஆடும் மாணவன், நாட்டின் முதல் டிவிஷனுக்குப் போக வேண்டுமானால் அவன் முன்னே எத்தனை படி? மாவட்ட லீக் அல்லது சென்னை லீகின் கீழ் டிவிஷன்கள், அங்கிருந்து சீனியர் டிவிஷன், பிறகு 2023இல் தொடங்கிய ஐ-லீக் 3, பிறகு ஐ-லீக் 2, ஐ-லீக், ஐ.எஸ்.எல். தாளில் எல்லாப் படியும் இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும், குறித்த மாதத்தில், எல்லா டிவிஷனும் நடந்து, யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். ஒரு படி ஓராண்டு நடக்காமல் போனால் அதற்குக் கீழே இருக்கும் எல்லாரும் ஓராண்டு நிற்கிறார்கள். பதினெட்டு வயதுப் பையனுக்கு ஓராண்டு என்பது சிறிய காலம் அன்று.

பலவீனமான அணிக்கு நியாயம் என்பது அதை இறக்காமல் விடுவதில் இல்லை. எட்டாவது வந்தவனை அனுப்பி ஒன்பதாவது வந்தவனை வைத்துக்கொள்ளும் சலுகையில் நிச்சயம் இல்லை. எல்லோருக்கும் ஒரே விதி. இறங்கிய படியிலேயே திரும்பி ஏறலாம் என்ற உறுதி. ஏறி வர மாநிலத்துக்குள்ளே உயிருள்ள லீக். இந்த மூன்றும் இருந்தால் இறக்கம் ஒரு அணியை அழிக்காது. இல்லாவிட்டால் சாம்பியனைக்கூட மூன்றே ஆண்டில் இழந்துவிடுவோம். நாம் இழந்திருக்கிறோம். தமிழ்நாட்டின் அடுத்த தேசிய லீக் அணி விண்ணப்பத்தில் வராமல் டிவிஷன் டிவிஷனாக ஆடி வரட்டும். அப்படி வரும் அணியை ஒரு மோசமான பருவத்தால் வீழ்த்த முடியாது.

அடுத்த இதழில்: வேலை கொடுத்து வீரர்களை வளர்த்த நிறுவன அணிகள். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி ஆகியவை சென்னைக் கால்பந்துக்கு என்ன கொடுத்தன, அந்தக் காலம் ஏன் மங்கியது என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)